டெஸ்க்டாப் நிரலாளர்களே, டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் லைசென்ஸ், ஆவணம் பற்றி உங்கள் அனுபவம் என்ன?

பழைய சி++ ஆள்:
எல்லோரும் வெப், மொபைல் என்று போய்விட்ட காலத்தில் நான் இன்னும் டெஸ்க்டாப்பில்தான் பிழைப்பு நடத்துகிறேன். ஆய்வுக்கூடக் கருவி ஒன்றுக்குத் திரை எழுதும் வேலை. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓட வேண்டும் என்பதால் ஜன்னல், பட்டன் போன்ற திரைப் பாகங்களைத் தரும் டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் என்ற சி++ லைப்ரரியை எடுத்தோம். பாதி வேலை முடிந்த நேரத்தில் வாடிக்கையாளரின் சட்டப் பிரிவிலிருந்து ஒரு மெயில்: "இதில் எல்ஜிபிஎல் என்று போட்டிருக்கிறதே, எங்கள் சோர்ஸ் கோடை வெளியே கொடுக்க வேண்டி வருமா?" எல்ஜிபிஎல் என்பது லைப்ரரிகளுக்கான ஒரு திறந்த மூல லைசென்ஸ்.

லைசென்ஸ் கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். சின்னதுதான். அடிப்படை எல்ஜிபிஎல் 2. அதன் மேல் ஒரு விதிவிலக்கு. லைப்ரரியை வைத்து நீங்கள் செய்ததை பைனரியாக (சோர்ஸ் இல்லாமல், கம்பைல் ஆன வடிவில்) கொடுக்கும்போது எந்த நிபந்தனையில் கொடுப்பது என்பது உங்கள் இஷ்டம். ஸ்டாட்டிக்காக, அதாவது லைப்ரரியையும் நிரலுக்குள்ளேயே சேர்த்து இணைத்து, ஒரே எக்ஸ்இ கோப்பாகக் கொடுத்தாலும் சரி. வெறும் எல்ஜிபிஎல் என்றால் இவ்வளவு சுலபமில்லை. பயனர் தான் திருத்திய லைப்ரரியோடு உங்கள் நிரலை மறுபடி இணைத்துக்கொள்ள நீங்கள் வழி விட வேண்டும். ஸ்டாட்டிக்காக இணைத்திருந்தால் ஆப்ஜெக்ட் கோப்புகளையாவது (கம்பைல் ஆகி, இன்னும் இணைக்கப்படாத துண்டுகள்) கொடுத்தாக வேண்டும்.

சட்டப் பிரிவு அதோடு சமாதானமாகிவிட்டது. ஆனால் அந்த விதிவிலக்கின் கடைசிப் பத்திகளைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. வேறொரு எல்ஜிபிஎல் அல்லது ஜிபிஎல் (அதைவிடக் கடுமையான லைசென்ஸ்) நிரலிலிருந்து எதையாவது எடுத்து இந்த லைப்ரரிக்குள் ஒட்டினால், ஒட்டிய பகுதிக்கு விதிவிலக்கு பொருந்தாது. அந்தக் கோப்பின் தலைப்பில் இருக்கும் விதிவிலக்கு அறிவிப்பையும் நீக்கவோ திருத்தவோ வேண்டும். எங்கள் குழுவில் ஒருவர் கிரிட் கன்ட்ரோலில் (அட்டவணை காட்டும் பாகம்) ஏதோ வேகப்படுத்துகிறேன் என்று இன்னொரு எல்ஜிபிஎல் திட்டத்தின் ஃபங்ஷன்களை அப்படியே கொண்டுவந்து போட்டிருந்தார். மெயில் வந்த பிறகுதான் அது தெரிந்தது. தூக்கிவிட்டுப் புதிதாக எழுதினோம்.

ஆவணப்பித்தன்:
அண்ணா, லைசென்ஸை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். நான் அதே லைப்ரரியின் ஆவணத்தில் கை வைத்தவன்.

ஒரு காலத்தில் இதன் கையேடு முழுக்க லாடெக்ஸ் என்ற ஆவண மொழியில் இருந்தது. அதை ஹெச்டிஎம்எல்லாகவும் விண்டோஸ் ஹெல்ப் கோப்பாகவும் மாற்ற டெக்ஸ்2ஆர்டிஎஃப் என்று தனிக் கருவியே வைத்திருந்தார்கள். 2.9 பதிப்பு வரிசையில், நிரலில் எழுதும் குறிப்புகளிலிருந்து கையேடு உருவாக்கும் டாக்ஸிஜனுக்கு மாறினார்கள். இங்கேதான் வேடிக்கை. வழக்கமாக டாக்ஸிஜன் குறிப்புகளை நிஜ ஹெடர் கோப்பிலேயே (கிளாஸ், ஃபங்ஷன்களின் அறிவிப்பு இருக்கும் கோப்பு) எழுதுவோம். இவர்கள் 'இன்டர்ஃபேஸ்' என்ற தனி ஃபோல்டரில் ஆவணத்துக்கென்றே ஹெடர்கள் வைத்திருக்கிறார்கள். அவை கம்பைல் ஆவதே இல்லை. நிஜ ஹெடரில் விண்டோஸ், லினக்ஸில் பயன்படும் ஜிடிகே, மேக் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கோப்பும் மேக்ரோக்களும் கிடக்கும். படிப்பவருக்கு அதெல்லாம் எதற்கு? ஆவண ஹெடரில் ஒரே சுத்தமான கிளாஸ். விண்டோஸில் மட்டும் வேலை செய்யும் ஃபங்ஷன் என்றால் அதற்கு ஒரு குறி, எந்தப் பதிப்பில் வந்தது என்பதற்கு இன்னொரு குறி.

தொல்லையும் அங்கேதான். நிஜ ஹெடரை மாற்றுகிறவர் ஆவண ஹெடரை மறந்துவிட்டால் கம்பைலர் வாயே திறக்காது.

"ஆவணம்தானே" என்று விட்டுவிடவும் முடியாது. இதே லைப்ரரியைப் பைத்தானில் பயன்படுத்த உதவும் டபிள்யூஎக்ஸ்பைத்தானின் இப்போதைய வடிவமான ஃபீனிக்ஸ், இந்த ஆவண ஹெடர்களிலிருந்து டாக்ஸிஜன் கொடுக்கும் எக்ஸ்எம்எல்லைப் படித்துத்தான் பைத்தானுக்கான இணைப்பு நிரலையே உருவாக்குகிறது. ஆவணத்தில் ஒரு பாராமீட்டரின் டிஃபால்ட் மதிப்பு விட்டுப்போனால், பைத்தான் பக்கம் அதைக் கட்டாயம் கொடுத்தே ஆக வேண்டியதாகிவிடும். எனக்கு நடந்தது இதுவேதான். சி++-இல் ஒழுங்காக ஓடும் அழைப்பு பைத்தானில் பிழை காட்டியது. பைத்தான் பக்கமெல்லாம் துருவிவிட்டு, கடைசியில் போய் நின்றது ஆவண ஹெடரில் ஒரே ஒரு வரியில். அந்த வரியைத் திருத்தி அனுப்பினேன். ஆவணத் திருத்தம் என்றுதான் பெயர்; சரியானது நிரல்.

கேடிஇ ரசிகன்:
இதேபோன்ற இன்னொரு லைப்ரரியான க்யூட்டி பக்கம் இருந்தவர்களுக்கு லைசென்ஸ் என்றாலே பழைய சண்டை ஞாபகம் வரும். 1996இல் க்யூட்டியை வைத்து கேடிஇ என்ற லினக்ஸ் டெஸ்க்டாப் தொடங்கியபோது க்யூட்டியின் லைசென்ஸ் முழுச் சுதந்திரமானதாக இல்லை. அந்த வருத்தத்தில்தான் 1997இல் க்னோம் என்ற இன்னொரு டெஸ்க்டாப் பிறந்தது. 2000இல் ஜிபிஎல், 2009இல் எல்ஜிபிஎல் என்று பிறகு இறங்கிவந்தார்கள். அதற்குள் லினக்ஸ் டெஸ்க்டாப் இரண்டு முகாமாகிவிட்டது. ஒரு லைசென்ஸ் தாளுக்கு இவ்வளவு பலம்!

புதுமுகம்:
ஒரு சந்தேகம். எங்கள் மென்பொருளின் 'அபவுட்' பக்கத்தில் பிறருடைய லைப்ரரிகளின் லைசென்ஸ் பட்டியல் போட வேண்டும். டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸின் லைசென்ஸில் 'டபிள்யூஎக்ஸ்விண்டோஸ்' என்று வருகிறதே, அது வேறு லைப்ரரியா?

பழைய சி++ ஆள்:
அதே லைப்ரரிதான் தம்பி. 1992இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்மார்ட் தொடங்கியபோது வைத்த பெயர் டபிள்யூஎக்ஸ்விண்டோஸ். மைக்ரோசாஃப்ட் கேட்டுக்கொண்டதால் 2004இல் விட்ஜெட்ஸ் ஆனது. லைசென்ஸில் மட்டும் பழைய பெயரே தங்கிவிட்டது. பட்டியலில் வெறும் 'எல்ஜிபிஎல்' என்று போட்டு விட்டுவிடாதே. விதிவிலக்கின் பெயரையும் சேர்த்துப் போடு. லைசென்ஸ்களுக்குப் பொதுக் குறியீடு தரும் எஸ்பிடிஎக்ஸ் பட்டியலில் அதற்கென்றே 'டபிள்யூஎக்ஸ்விண்டோஸ் எக்ஸெப்ஷன் 3.1' என்று தனிக் குறியீடு இருக்கிறது. அது இல்லாமல் அனுப்பினால் எனக்கு வந்த அதே மெயில் உனக்கும் வரும்.