மாம்பா பச்சையா, ரேஸ் நீலமா? சொல்லுங்கள்

நண்பர்களே, இந்தியாவுக்கு 100 மட்டுமே ஒதுக்கிய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் காரில் எனக்கும் ஒன்று. 265 குதிரைத்திறன், விலை கிட்டத்தட்ட 50 லட்சம். நாளை மறுநாள் நிறத்தைச் சொல்லியாக வேண்டும்.

வெள்ளை யாரிடமும் இருக்கும். கறுப்பு வேண்டவே வேண்டாம். சென்னை போர் தண்ணீரில் கழுவினால் உப்புத் திட்டுதான், துணி பட்ட கீறலெல்லாம் வெயிலில் வட்ட வட்டமாகத் தெரியும். சிவப்பு மனதில் ஒட்டவில்லை.

மிச்சம் பச்சையும் நீலமும். கறுப்பு கிரில், கறுப்புப் பக்கக் கண்ணாடி மூடிகளோடு பச்சை அள்ளுகிறது. ஆனால் வீட்டுக்காரி, "கிளி மாதிரி இருக்கு" என்கிறாள். விற்கும்போது பச்சைக்கு ஆள் கிடைக்குமா? பச்சை வண்டி வைத்திருப்பவர்கள், நடுப்பகல் வெயிலில் எடுத்த படம் இருந்தால் போடுங்களேன்.