புதுப்பிப்பு: பள்ளி வரவு செலவு எங்கே கற்றுக்கொள்வது என்று கேட்டிருந்தேனே, அது பற்றி

ஊத்தங்கரைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாக வந்திருக்கிறேன், பாடம் நடத்தத் தெரியும், கணக்குப் பார்ப்பதை எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தேன். நிறையப் பேர் டேலி படி, எக்ஸெல் படி என்றீர்கள். சரி, ஆனால் உருப்படியாக உதவியது ஓய்வுபெற்ற ஒரு சார் சொன்னதுதான்: "பணம் எதை வைத்து வருதுன்னு முதல்ல பாருங்க டீச்சர்."

பார்த்தேன். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையை ஒட்டியது. வழிகாட்டுதலின்படி 101 முதல் 250 பேர் வரை 50,000 ரூபாய், அதைத் தாண்டினால் 1000 பேர் வரை 75,000, அதில் 10 சதவீதமாவது தூய்மைக்குப் போக வேண்டும். அந்த எண்ணிக்கை யுடைஸ் என்ற, பள்ளி விவரங்களைச் சேர்க்கும் அரசுப் பதிவிலிருந்து எடுக்கப்படுவதால், நாம் எரிச்சலோடு நிரப்பும் அந்தப் படிவம்தான் பட்ஜெட்டின் முதல் பக்கம்!

அப்புறம், இந்தத் திட்டத்துக்கு ஒன்றிய அரசு 60, மாநிலம் 40 சதவீதம் என்ற பங்கில் வரும் பணம் 2024-25இல் எப்படி இழுபறியானது என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் செலவுகளைக் காத்திருக்கக்கூடியவை, கூடாதவை என்று பிரித்துவிட்டேன்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி பள்ளி வளர்ச்சித் திட்டம் போட வேண்டியது பெற்றோரும் ஆசிரியரும் இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு. அதன் கூட்டத்தில் கணக்கைச் சார்ட்டில் எழுதி மாட்டினேன். ஒரு அம்மா, "வருசா வருசம் மோட்டார் ரிப்பேருக்குக் கொடுத்ததுக்குப் புதுசே வாங்கியிருக்கலாமே" என்றார். எந்தப் பயிற்சியிலும் இப்படி ஒரு கேள்வி வரவில்லை. புது மோட்டாருக்கு விலைப்புள்ளி கேட்டிருக்கிறோம்.