பரவை முனியம்மாவின் வாழ்க்கையை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

கேள்வி: பரங்குன்றத்து மாணவன்

அனைவருக்கும் வணக்கம். நான் திருப்பரங்குன்றத்தில் வசிக்கிறேன். முதுகலைத் தமிழ் படித்து வருகிறேன். எங்கள் பகுதி நூலக வாசகர் வட்டத்தில் மதுரை வட்டாரக் கலைஞர் ஒருவரைப் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும் என்று பணித்திருக்கிறார்கள். நாட்டுப்புறப் பாடகர் பரவை முனியம்மாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

அவர் 2020 மார்ச் 29 அன்று மறைந்தபோது நாளிதழ்களில் வந்த செய்திகளையும் அஞ்சலிக் குறிப்புகளையும் தேடிப் படித்தேன். ஏறக்குறைய எல்லாமே 2003இல் வெளிவந்த 'தூள்' படத்தில் தொடங்கி, அதன் பிறகு அவர் நடித்த படங்களை வரிசையாகச் சொல்லி, இறுதிக்கால வறுமையில் முடிகின்றன. அந்தப் படத்தில் நடித்தபோதே அவர் அறுபது வயதைக் கடந்தவர். அதற்கு முந்தைய வாழ்க்கை முழுவதும் 'கோயில் திருவிழாக்களில் பாடி வந்தார்' என்ற ஒற்றை வரியில் அடங்கிவிடுகிறது. அந்த ஒற்றை வரிக்குள் என்னதான் இருந்தது என்பதை, அந்தக் காலத் திருவிழா மேடைகளை நேரில் பார்த்தவர்கள் விளக்க இயலுமா? பேச்சில் திரைப்படத்துக்கு எவ்வளவு இடம் கொடுப்பது முறையாக இருக்கும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: சமயநல்லூர் ஓய்வாசிரியர்

தம்பிக்கு வணக்கம். நல்ல கேள்வி. தேடவேண்டிய இடமும் அந்த ஒற்றை வரிதான்.

முதலில் ஊரைச் சொல்லுங்கள். மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில், எங்கள் சமயநல்லூருக்குச் சற்று முன்னதாக வருவது பரவை. இன்றைக்கு அந்தப் பெயரைக் கேட்டால் காய்கறிச் சந்தைதான் பலருக்கு நினைவுக்கு வரும். அவர் வளர்ந்த காலத்தில் இந்தப் பக்கத்து ஊர்களெல்லாம் வைகையையும் கண்மாயையும் நம்பிய வயற்காட்டு ஊர்கள். நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று எந்த வேலைக்கும் பாட்டு உண்டு. தாலாட்டும் ஒப்பாரியும் வீட்டுக்குள் உண்டு. இவற்றைப் பாட எந்தப் பெண்ணும் யாரிடமும் போய்த் தட்சிணை வைத்துக் கற்றுக்கொண்டதில்லை. ஆனால் வயலில் பாடுகிற எல்லோரும் மேடைக்கு வந்துவிடவில்லை என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

இந்த வட்டாரத்தில் ஒரு பெண்ணின் குரல் ஊர் முழுவதும் அடையாளம் காணப்படும் இடம் பெரும்பாலும் முளைப்பாரிக் கும்மிதான். ஊர்ப் பொங்கலுக்குக் காப்புக் கட்டியதும், ஊறவைத்த நவதானியங்களை எருவும் வைக்கோலும் பரப்பிய சட்டிகளில் தூவி, வெயில் படாத வீட்டுக்குள் அடைத்து வைப்பார்கள். முளை வளரும் இரவுகளிலெல்லாம் பெண்கள் அந்த வீட்டு வாசலில் கூடிக் கும்மியடிப்பார்கள். ஒருவர் அடியை எடுத்துக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டும். எடுத்துக் கொடுப்பவர் அடியின் கடைசி அசையை நீட்டிப் பிடிப்பார். கேட்பவர்களுக்கு அது இனிமைக்காக இழுப்பதாகத் தோன்றும். உண்மையில் அந்த இழுப்புக்குள்தான் அவர் அடுத்த அடியைக் கட்டிக்கொள்கிறார். கை தட்டும் இடம் ஒன்று பிசகினால் வட்டமே குலைந்து போகும். ஒலிபெருக்கி இல்லாமல் ஐம்பது அறுபது பெண்களின் குலவைக்கு மேலே ஒரு குரல் எழுந்து நிற்க வேண்டுமென்றால் அதற்கு எவ்வளவு உரம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த உரம் உள்ளவர்களைத்தான் பக்கத்து ஊர்க்காரர்கள் கேள்விப்பட்டு வந்து அழைப்பார்கள். மேடைப் பாடகர் உருவான வழி இதுதான்.

அயலூர் மேடையில் இன்னொரு சோதனையும் உண்டு. எந்தச் சாமியை முதலில் அழைப்பது என்பது ஊருக்கு ஊர் மாறும். பிள்ளையாருக்குப் பிறகு ஓர் ஊரில் எல்லைக் காவலாக நிற்கும் கருப்பசாமி வரவேண்டும். அடுத்த ஊரில் அம்மனைச் சொல்லாமல் கருப்பனைச் சொன்னால் சண்டையே வந்துவிடும். அனுபவப்பட்ட பாடகர்கள் மேடையேறுவதற்கு முன்பே ஊர்ப் பெரியவர்களிடம் விசாரித்துவிட்டு, அதற்கேற்ற அடிகளை அங்கேயே சேர்த்துப் பாடுவார்கள். எழுதி வைத்துப் படிக்கிற வழக்கமே இல்லாத கலை இது. பரவை முனியம்மா பல பத்தாண்டுகள் பாடிய மேடைகள் இத்தகையவை. பேச்சில் பாதி நேரமாவது இதற்குக் கொடுங்கள்.

பதில்: வைகை வடகரை

ஆசிரியர் ஐயா சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் திரைப்படத்தை ஒதுக்கிவிட்டுப் பேசுவதும் நியாயமாகாது. பரவை என்ற ஊர்ப்பெயரை மதுரைக்கு வெளியே இருந்தவர்கள் மனத்தில் பதித்தது அந்தப் படம்தான்.

இயக்குநர் தரணியின் 'தூள்' 2003 பொங்கலையொட்டி வெளிவந்தது. அதில் கதாநாயகி ஜோதிகாவின் பாட்டியாக, ஊரிலிருந்து சென்னைக்கு நியாயம் கேட்டுச் செல்லும் பாத்திரத்தில் அவர் நடித்தார். வித்யாசாகர் இசையில், விக்ரம் எதிரிகளோடு மோதும் சண்டைக் காட்சிக்கு நடுவே மதுரை வீரனை அழைத்து அவர் பாடுகிறார். அதை இப்போது மீண்டும் ஒருமுறை பாருங்கள். பொதுவாகச் சண்டைக் காட்சிக்கு வாத்தியங்களின் இரைச்சல்தான் வேகம் கொடுக்கும். இங்கே ஒரு மூதாட்டியின் குரல் அந்த வேலையைச் செய்கிறது. சாமியாடிக்கு அருள் வருவதற்காகப் பாடும் வர்ணிப்பின் முறையை அப்படியே சண்டைக்கு மாற்றிவிட்டார்கள். நாயகனுக்கு ஆவேசம் ஏறுவதற்கு அவர் குரலே போதுமானதாக இருந்தது. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தருகே மதுரை வீரன் சன்னதியைக் கும்பிட்டுப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு அந்தக் காட்சி ஏன் சிலிர்ப்பூட்டியது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அதன் பிறகு அவர் பல படங்களில் நடித்தார். 2010இல் வந்த 'தமிழ்ப் படம்' திரையுலகின் பழகிய வார்ப்புகளையெல்லாம் கேலி செய்த படம்; அதில் நாயகன் சிவாவின் பாட்டியாக அவர் வந்ததே ஒரு கேலிதான், கிராமத்துப் பாட்டி என்றாலே அவர் முகம் நினைவுக்கு வரும் அளவுக்கு அதற்குள் நிலைபெற்றிருந்தார். 2014இல் 'மான் கராத்தே' படத்துக்காக அனிருத் இசையில் சிவகார்த்திகேயனோடு சேர்ந்து பாடினார். எழுபதைத் தாண்டிய குரல் அது. ஆனால் கல்லூரிப் பிள்ளைகள் ஆடினார்கள்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இதே போலச் சிவகங்கைப் பக்கம் கொல்லங்குடி கருப்பாயி அவர்களை 1985இல் 'ஆண் பாவம்' படம் பாட்டியாகக் கொண்டுவந்தது. அவரும் அதற்கு முன்பே நாட்டுப்புறப் பாடலில் பெயர் பெற்றவர். ஏறத்தாழ இருபது ஆண்டு இடைவெளியில் இரண்டு பெரும் பாடகர்களை நம் சினிமா ஒரே வேடத்தில்தான் கண்டுகொண்டது. நாற்பது வயதில் அவர்கள் பாடிய தெம்மாங்கையும் காதல் பாட்டையும் கேட்க அதற்குக் காது இருக்கவில்லை. உங்கள் பேச்சில் திரைப்படப் பகுதியை இந்தக் கோணத்திலிருந்து அணுகினால், படப்பட்டியல் வாசிப்பதாக ஆகாது.

பதில்: பழைய மைக் செட்

நான் மதுரையில் பல ஆண்டுகள் ஒலிபெருக்கி வாடகைத் தொழில் செய்தவன். பாட்டின் நயம் பற்றிப் பேசும் தகுதி எனக்கில்லை. இந்தக் கலைஞர்களின் வரும்படி எப்படி இருந்தது என்பதைச் சொல்ல முடியும். அதைச் சொல்லாமல் எந்த நாட்டுப்புறப் பாடகரின் வாழ்க்கையும் முழுமையாகாது.

கிராமத்துத் திருவிழாவுக்கான பணம் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரியாகத் திரள்கிறது. பந்தல், பூ, வாணவேடிக்கை, நாடகம், எங்களைப் போன்ற மைக் செட் எல்லாவற்றுக்கும் போக மிஞ்சுவதில்தான் பாட்டுக் கச்சேரிக்கு ஒதுக்குவார்கள். வெற்றிலை பாக்கோடு ஒரு சிறு முன்பணம். மீதி மறுநாள் விடிந்த பிறகு. தவில், நாதஸ்வரம், பம்பை, உறுமி, பின்பாட்டு, வண்டிச் செலவு என்று குழுவுக்குள் பிரித்தால் பெயர் பெற்ற பாடகருக்கும் பெரிதாக ஒன்றும் நிற்காது. இடையிடையே ஊர்க்காரர் ஒருவர் மேடையேறி நோட்டைக் குண்டூசியால் முந்தானையில் குத்திவிட்டு, மைக்கில் தம் பெயரையும் தொகையையும் அறிவிக்கச் சொல்வார். பாடுபவர் பாட்டைப் பாதியில் நிறுத்தி, அவரை வாழ்த்தி ஓரடி கட்டிப் பாடிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். சில இரவுகளில் பேசிய தொகையைவிட அந்த அன்பளிப்பே கூடுதலாக இருக்கும். அதுவும் பங்குனி முதல் ஆடி வரைதான் நெருக்கமாக நிகழ்ச்சிகள் கிடைக்கும். மற்ற மாதங்களில் கிடைத்த வேலையைச் செய்ய வேண்டியதுதான்.

எண்பதுகளில் கேசட் வந்தது. நாட்டுப்புறப் பாட்டும் பக்திப் பாட்டும் தென்மாவட்டங்களில் நன்றாக விற்றன. நாங்களே ஒவ்வொரு பொங்கலுக்கும் குழாய் ஸ்பீக்கரில் அவற்றைத்தான் போட்டோம். ஆனால் அந்தக் காலத்தில் பாடகருக்குப் பொதுவாக ஒரே தடவை ஒரு தொகை கொடுத்து, ஒரு தாளில் கையொப்பம் வாங்கிக்கொள்வார்கள். எத்தனை கேசட் விற்றாலும் மேற்கொண்டு ஒரு பைசா வராது. நிகழ்த்துபவருக்கும் உரிமை உண்டு என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல்தான் சேர்த்தார்கள். பாடகருக்கு உரிமப் பங்கு (ராயல்டி) தரவேண்டும் என்பது 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. அதற்குள் கேசட் காலமே முடிந்துபோயிற்று. பாட்டு யாருடையது என்று கேட்டால் 'நாட்டுப்புறப் பாடல்' என்று அட்டையில் அச்சிட்டிருப்பார்கள், அதாவது யாருக்கும் எதுவும் தர வேண்டாம்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், ஊரறிந்த பரவை முனியம்மா முதுமையில் நோயோடும் பணமுடையோடும் இருக்கிறார் என்று 2015இல் செய்தி வந்தபோது எனக்கு வருத்தம் இருந்தது, வியப்பு இருக்கவில்லை. அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா அவர் பெயரில் 6 லட்சம் ரூபாயை வைப்புத்தொகையாக வைத்து, மாதந்தோறும் வட்டி கிடைக்க ஏற்பாடு செய்தார். திரையுலகினர் சிலரும் உதவினார்கள். 2019இல் கலைமாமணி விருது அறிவிக்கப்பட்டது. எண்பது வயதை ஒட்டி வந்த விருது. கொடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் மேடையில் ஓங்கிப் பாடிய காலத்தில் அது வந்திருந்தால், பேசும் தொகையாவது கொஞ்சம் ஏறியிருக்கும்.

கேள்வியாளர்: பரங்குன்றத்து மாணவன்

மூவருக்கும் மிக்க நன்றி. முளைப்பாரியில் தொடங்கி, தலைக்கட்டு வரி வழியாகத் திரைப்படத்துக்கு வருவது என்று முடிவு செய்திருக்கிறேன். ஓர் ஐயம் மட்டும் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் அவர்களும் நாட்டுப்புறப் பாடகர்தான். 2018இல் பத்மஸ்ரீ பெற்றிருக்கிறார். இருவரையும் ஒரே பேச்சில் ஒப்பிட்டுச் சொல்லலாமா, அல்லது அது ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்துவதாக ஆகிவிடுமா?

பதில்: சமயநல்லூர் ஓய்வாசிரியர்

தம்பி, தாராளமாகச் சொல்லலாம். ஆனால் தட்டில் வைத்து நிறுக்க வேண்டாம். விஜயலட்சுமி அம்மையாரும் அவருடைய கணவர் நவநீதகிருஷ்ணனும் ஊர் ஊராகச் சென்று பாடல்களைத் திரட்டி, பதிவு செய்து, ஆராய்ந்து, மேடையிலும் பாடிக் காட்டினார்கள். படித்தவர்கள் கூடிய அரங்குகளில் தெம்மாங்குக்கு ஒரு மரியாதையை ஏற்படுத்தியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பரவை முனியம்மா எந்த வயல்களிலிருந்து அந்தப் பாடல்கள் திரட்டப்பட்டனவோ அத்தகைய வயல்களிலிருந்தே நேராக மேடைக்கு வந்தவர். இருவர் பாடிய பதிவுகளிலிருந்தும் ஒரு கும்மியை எடுத்து அடுத்தடுத்து ஒலிக்கச் செய்யுங்கள். எங்கே மூச்சு எடுக்கிறார்கள், எந்தச் சொல்லை நீட்டுகிறார்கள் என்பதை அவையில் இருப்பவர்களே கண்டுகொள்வார்கள். நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டிய தேவையே வராது.

பதில்: வைகை வடகரை

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பரவை முனியம்மா மறைந்தது நாடு தழுவிய முதல் ஊரடங்கு தொடங்கிய சில நாட்களில். ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடி வழியனுப்பியிருக்க வேண்டிய ஒருவரை, கூட்டம் கூடக் கூடாது என்ற நாட்களில் இழந்தோம். அந்த ஆண்டு கள்ளழகர் வைகையில் இறங்கவில்லை. மீனாட்சி திருக்கல்யாணத்தை இணையத்தில்தான் பார்த்தோம். மைக் செட் அண்ணன் சொன்ன அந்தப் பங்குனி முதல் ஆடி வரையிலான வரும்படி, வட்டாரக் கலைஞர்கள் அனைவருக்கும் அந்த ஆண்டு ஒரேயடியாக நின்றுபோயிற்று. அடுத்த ஆண்டு சித்திரைத் திருவிழாவும் பொதுமக்கள் இல்லாமலே நடந்தது. வாசகர் வட்டத்துக்குப் பாடகர்கள் யாரேனும் வருவார்களென்றால், அந்த இரண்டு ஆண்டுகளை எப்படிக் கடந்தார்கள் என்று அவர்களையே பேசச் சொல்லிப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வண்டிச் செலவுக்கும் மறக்காமல் ஏற்பாடு செய்துவிடுங்கள்.