வாக்குத்தத்த அட்டையை நம்பி வேலையை விடலாமா?

திருமங்கலம் தாசன்:
வேலையை விட்டு ஊழியத்துக்குப் போக நினைக்கிற ஒருவர், டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புது வருஷ வாக்குத்தத்தமாகத் தட்டிலிருந்து ஒரு வேதவசன அட்டையை எடுக்கிறார். அதில் கர்த்தர் ஆபிராமை அழைத்த ஆதியாகமம் 12:1 வருகிறது: "உன் தகப்பனுடைய வீட்டையும் விட்டு". பல மாதமாக ஊழிய பாரத்தோடு ஜெபிக்கிற அவருக்கு இது அழைப்பு இல்லையா? சம்பளம் இல்லாமல் கர்த்தரை நம்பிச் செய்யும் விசுவாச ஊழியத்துக்கு வருகிறவரை நம் ஆட்களே ஏன் தடுக்கிறீர்கள்?

அரசரடி வாசகன்:
பிரதர், அந்தத் தட்டில் இருப்பதெல்லாம் பொறுக்கி எடுத்த வசனம். யூதாஸ் தூக்குப்போட்டுக்கொண்டதைச் சொல்லும் "நான்றுகொண்டு செத்தான்" என்பதை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. நல்ல முடிவைத் தருவேன் என்கிற எரேமியா 29:11 பாதி வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதற்கு முன் பாபிலோனில் சிறையிருப்பு 70 வருஷம் என்று சொல்லும் 10ஆம் வசனத்தை எந்தச் சுவரிலாவது பார்த்திருக்கிறீர்களா?

திருமங்கலம் தாசன்:
யூதாஸின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப்போட்டுத்தானே தெரிந்தெடுத்தார்கள்? கர்த்தர் தன்னை அனுப்புகிறாரா என்று கிதியோன் மயிருள்ள தோலைப் போட்டுப் பார்த்தான், கர்த்தர் கோபிக்கவில்லையே.

அரசரடி வாசகன்:
அப்போஸ்தலர் 1:21, 22 வாசியுங்கள். யோவான் ஸ்நானம் கொடுத்த நாள் முதல் இயேசுவின் கூடவே இருந்தவராக இருக்க வேண்டும். அந்தத் தகுதியோடு இரண்டு பேரை நிறுத்திய பிறகே சீட்டு. கிதியோனுக்கு நியாயாதிபதிகள் 6:14லேயே "போ" என்று சொல்லியாயிற்று. தோல் வருவது 37ஆம் வசனத்தில். அது அவன் பயத்துக்கு மருந்து, அவ்வளவுதான்.

மேலூர் மார்த்தாள்:
அட்டை சண்டை இருக்கட்டும். அந்தியோகியாவில் பவுலும் பர்னபாவும் ஏற்கெனவே சபையில் உழைத்துக்கொண்டிருந்தார்கள். ஆவியானவர் சொன்னதும் சபை உபவாசித்துக் கைகளை வைத்தது (அப். 13:1-3). அந்த முறைப்படி செய்யுங்கள். முதலில் ஆயரிடம் சொல்லுங்கள். வேலையில் இருந்துகொண்டே ஒரு வருஷம் ஞாயிறு பள்ளி, ஆஸ்பத்திரி சந்திப்பு, கிராம ஜெபம் என்று அவர் பார்வையில் செய்யுங்கள். வீட்டம்மா சம்மதம் வேண்டும். ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இருக்க வேண்டும்.

இல்லாவிட்டால் என்ன ஆகும்? வாடகை வீடு பிடித்து மைக் கட்டுவார்கள். பக்கத்து வீட்டில் புகார். வழிபாட்டுக் கட்டடத்துக்கு ஆட்சியர் அனுமதி வேண்டும் என்பதே அப்போதுதான் தெரியவரும். வருவது நாலு குடும்பம், காணிக்கை வாடகைக்கே பத்தாது. மூன்றாவது மாதம் பிரசங்கம் முழுக்க, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கொடு என்கிற தசமபாகம்தான்.

திருமங்கலம் தாசன்:
ஆறு மாதச் செலவா! அக்கா, இது பாஸ்புக்கை நம்புவது. டோனாவூரில் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய ஏமி கார்மைக்கேல் யாரிடம் பணம் கேட்டார்?

அரசரடி வாசகன்:
கேட்கவில்லை, சரி. பிரிஸ்டலில் அநாதை இல்லம் நடத்திய ஜார்ஜ் முல்லரும் கேட்கவில்லை. ஆனால் வருஷாவருஷம் வரவு செலவை அச்சிட்டு வெளியிட்டார். நம்மூர் விசுவாச ஊழியத்தில் அந்தப் பாதியை மட்டும் விட்டுவிடுகிறார்கள். ஊழியத்துக்குப் படிப்பும் வேண்டும். 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி தமிழும் சமஸ்கிருதமும் படிக்க உட்கார்ந்தார். அரசரடியில் 1969 முதல் இறையியல் கல்லூரி இருக்கிறது, அங்கே போய் விசாரிக்கக்கூட ஆள் இல்லை.

திருமங்கலம் தாசன்:
இப்படியே கணக்குப் பார்த்துத்தான் முக்கால்வாசிப் பேர் பென்ஷன் வந்த பிறகு "அழைப்பு" பெறுகிறார்கள். எலியா தீர்க்கதரிசி அழைத்ததும் எலிசா ஏரை உடைத்து, அந்த விறகிலேயே மாட்டைச் சமைத்துவிட்டுப் போனான். திரும்பி வர வழி வைக்கவில்லை.

அரசரடி வாசகன்:
பென்ஷன் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நியாயம். அந்த ஒரு வருஷத்துக்கு முடிவுத் தேதியை ஆயர் முன்னால் எழுதி வைக்கச் சொல்லலாம். தள்ளிப்போட இடம் இருக்காது.

மேலூர் மார்த்தாள்:
எலிசா அடித்தது வீட்டு மாட்டை. இங்கே சீட்டுக் கம்பெனியில் பணம் எடுத்துவிட்டு இன்னும் 11 தவணை பாக்கி வைத்திருக்கிறவர் ராஜினாமா எழுதினால், ஜாமீன் போட்டவர் கதி என்ன தாசன் தம்பி? அதற்கு ஒரு வசனம் சொல்லுங்கள்.