கூழ் பேக்டரில அக்காங்க திடீர்னு வேர்த்து கொட்டுறாங்க, என்ன பண்ணலாம்?

மாங்கா_சூப்பர்வைசர்:
கிருஷ்ணகிரி பக்கம் மாம்பழக்கூழ் பேக்டரில இருக்கேங்க, என் லைன்ல 45 தாண்டின அக்காங்க தான் அதிகம், தலைல கேப்பு கையில கிளவுஸ்னு ஸ்டீம் பக்கத்துல நிக்கும்போது திடீர்னு வேர்த்து கொட்டி உக்காந்துடறாங்க, கேட்டா "ஒண்ணுமில்ல தம்பி"ங்கறாங்க. மெனோபாஸா இருக்குமோ? நான் ஆம்பள, எப்படி பேசறது?

தருமபுரி_தையல்காரி:
எனக்கு 49 தம்பி. நேரா கேட்றாதீங்க, கூசிப்போவாங்க. சூடு தாங்கலன்னா யாரும் எடம் மாத்திக்கலாம்னு பொதுவா சொல்லிடுங்க. எங்க யூனிட்ல பாத்ரூம் போகவே டோக்கன் (கொடும!), ராத்திரி பூரா தூக்கமில்லாம 6 மணி ஷிப்டுக்கு வந்து நிக்கறேன், மறதி வேற, அதுக்கும் திட்டு.

நர்ஸக்கா:
12 மாசம் தொடர்ந்து மாதவிலக்கு வரலன்னா தான் மெனோபாஸ், ஆனா சூடு, தூக்கமின்மையெல்லாம் சில வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிடும். தைராய்டு, சுகர் இருந்தாலும் இப்படி வேர்க்கும், அதனால செக் பண்ணிக்கட்டும். மாதவிலக்கு நின்னு ஒரு வருஷம் கழிச்சு மறுபடி ரத்தம் பட்டா மட்டும் உடனே டாக்டர பாக்கணும், தள்ளிப்போட கூடாது.

மாங்கா_சூப்பர்வைசர்:
நன்றிக்கா. ரெண்டு பேன் கேட்டேன், சீசன் முடியட்டும்னாரு மேனேஜர். சீசன் முடிஞ்சா அக்காங்களே இருக்க மாட்டாங்களே!