சிங்கப்பூரில் 0.6 ஹெக்டர் மனை: மழைநீர்ச் சேமிப்புத் தொட்டியையே தடுப்புத் தொட்டியாகக் கணக்கில் காட்டலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஒன்பது ஆண்டுகள் கட்டடப் பணியில் இருந்துவிட்டு, சென்ற ஆண்டு சிங்கப்பூரில் ஓர் ஆலோசனை நிறுவனத்தின் வடிகால் பிரிவில் சேர்ந்தேன். இப்போது என் கையில் இருப்பது 0.6 ஹெக்டர் மனை. பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிய அலுவலகக் கட்டடம் எழுப்புகிறார்கள். கூரை, உள்சாலை, வாகன நிறுத்தம் என்று 0.45 ஹெக்டர் முழுக்கத் தளமாகிவிடும், எஞ்சிய 0.15 ஹெக்டரில் புல்லும் செடிகளும் இருக்கும்.

0.2 ஹெக்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள மனைகள் பொது வடிகாலுக்கு விடும் உச்ச நீரோட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது இங்கு நீர், வடிகால் நிர்வாகத்தைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதி என்பதால், மழைநீரைச் சிறிது நேரம் பிடித்துவைத்து மெல்ல வெளியே விடும் தடுப்புத் தொட்டி (டிடென்ஷன் தொட்டி) ஒன்று தேவைப்படுகிறது. உரிமையாளரோ செடிகளுக்குப் பாய்ச்ச 100 கன மீட்டரில் மழைநீர்ச் சேமிப்புத் தொட்டி ஏற்கெனவே கேட்டிருக்கிறார். அந்த ஒரு தொட்டியையே இரண்டுக்கும் கணக்கில் காட்ட முடியுமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலத்தில் தொழில் கற்றவன் நான். மனையில் விழுந்த நீரைத் தெருவுக்கு விடக்கூடாது என்றே பழகியிருக்கிறேன். இவ்வளவு செலவில் தொட்டி கட்டி, நிரம்பிய நீரைச் சில மணி நேரத்துக்குள் வடிகாலிலேயே விட்டுவிடுவது எனக்கு மனம் ஒப்பவில்லை. மேலும், பழைய கட்டடம் இருந்தபோதே மனை ஏறக்குறைய முழுதும் தளமாகத்தான் இருந்தது. நாங்கள் கூடுதலாக எதையும் வழியவிடப் போவதில்லை.

முதல் மறுமொழி

கடைசியில் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அங்கேதான் தடுமாறுகிறார்கள். முன்பு மனை எப்படி இருந்தது என்பதை இந்த விதி பார்ப்பதில்லை. 10 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மழைக்கு, வழிந்தோடல் கெழுவை (விழும் மழையில் எத்தனை பங்கு வழிந்தோடும் என்பதைக் காட்டும் எண்ணை) 0.55 என்று வைத்துக் கணக்கிட்டால் எவ்வளவு நீரோட்டம் வருமோ, அதற்கு மேல் விடக்கூடாது. மறுகட்டுமானத்துக்கும் இதுவே அளவு. பழைய மனைகள் ஒவ்வொன்றாக மறுகட்டுமானத்துக்கு வரும்போதுதான் நகரின் வடிகால்களுக்குச் சற்று மூச்சு விட இடம் கிடைக்கும் என்பதால், இந்த ஏற்பாடு முற்றிலும் சரியானது என்பதே என் கருத்து.

உங்கள் மனையைக் கணக்கிடுவோம். தளத்துக்குக் கெழு 1.0, பசுமைக்கு 0.45 என்று எடுத்தால் சராசரி 0.86 வருகிறது. கணக்கு விளங்குவதற்காக மட்டும் மழைச் செறிவை மணிக்கு 200 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மையான எண்ணை விதித்தொகுப்பில் உள்ள செறிவு வரைபடத்திலிருந்து எடுக்க வேண்டும். கெழு, செறிவு, ஹெக்டரில் பரப்பு ஆகிய மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை கன மீட்டர் என்பது கிடைக்கும். அதன்படி மனையிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 287 லிட்டர் வரும். விட அனுமதி 183 லிட்டர். மிச்சமுள்ள 104 லிட்டரைப் பதினைந்து நிமிடம் பிடித்து வைத்தாலே 94 கன மீட்டர் ஆகிறது.

இதைப் பார்த்து 100 கன மீட்டர் போதும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தொட்டியின் அடியில் நீரை அளவாக வெளியேற்றும் ஆரிஃபிஸ் துளை, தொட்டி நிரம்பியிருக்கும்போதுதான் முழு அளவில் நீரை விடும். நீர்மட்டத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே ஓட்டம் அமைவதால், பாதி உயரத்தில் 70 விழுக்காடுதான் வெளியேறும். மழையின் தொடக்கத்தில் இன்னும் குறைவு. அந்தக் குறையையும் தொட்டிதான் தாங்க வேண்டும். துளையைப் பெரிதாக்கினால், நிரம்பும் நேரத்தில் வரம்பை மீறும். செறிவு குறைந்து நீண்ட நேரம் பெய்யும் மழைக்கு இன்னும் பெரிய கொள்ளளவு தேவைப்படுவதும் உண்டு, ஆகையால் வெவ்வேறு கால அளவுகளுக்குப் போட்டுப் பாருங்கள்.

சேமிப்புத் தொட்டியைக் காட்டலாமா என்றால், முடியாது. மழை தொடங்கும் நிமிடத்தில் காலியாக இருக்கும் இடம் மட்டுமே தடுப்புக்குப் பயன்படும். நேற்றைய மழையில் நிரம்பிய தொட்டி இன்றைய மழைக்குத் தொட்டியே அல்ல.

இரண்டாம் மறுமொழி

மனம் ஒப்பவில்லை என்று எழுதியதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். நானும் தஞ்சைப் பக்கத்து ஏரிப் பாசன ஊரில் பிறந்தவன், அந்தத் தவிப்பு எனக்கும் புரியும்.

நீங்கள் விடும் நீர் பெரும்பாலும் வீணாவதில்லை. 2011 முதல் சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதியாக இருக்கிறது. அங்கே வடிகாலிலும் கால்வாயிலும் ஓடுவது நீர்த்தேக்கத்தைத்தான் சென்று சேர்கிறது. 2008-இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு நகரின் நடுப்பகுதியில் விழும் மழையைப் பிடித்துக் குடிநீருக்குக் கொடுக்கிறது. நம் ஊரில் வாய்க்கால் ஏரிக்கு நீர் கொண்டுபோவதைப் போன்றதுதான் இது. ஆகவே இங்கே நீரை விட்டுவிடுவது இழப்பு அன்று. எல்லா மனைகளும் ஒரே நேரத்தில் விடுவதுதான் ஆபத்து. 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் சாலைக் கடைகளுக்குள் நீர் புகுந்த பிறகு, கால்வாயை அகலப்படுத்துவது மட்டும் போதாது, மழை விழும் மனையிலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற அணுகுமுறை வலுப்பெற்று, 2014 ஜனவரியில் இந்த விதி நடைமுறைக்கு வந்தது.

தொட்டியைச் சிறிதாக்க விரும்பினால் பசுமைக் கூரையும் மழைத்தோட்டமும் உதவும். ஆனால் மேலே கொடுத்த கெழுக்களின்படி மனையில் சுமார் 82 விழுக்காடு பசுமையாக இருந்தால்தான் தொட்டியே வேண்டாம் என்ற நிலை வரும். அலுவலகக் கட்டடத்தில் அது நடக்காது.

கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. வடிகால் நீர் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை. அப்படியானால் ஒரே கட்டமைப்பைக் குறுக்குச் சுவரால் இரண்டாகப் பிரித்து, சேமிப்புப் பகுதி நிரம்பி வழிவது தடுப்புப் பகுதிக்குள் விழும்படி அமைக்கலாமா?

மூன்றாம் மறுமொழி

அமைக்கலாம், நான் அப்படிச் செய்திருக்கிறேன். கணக்குப் போடும்போது மட்டும் சேமிப்புப் பகுதி ஏற்கெனவே நிரம்பியிருப்பதாக வைத்து, தடுப்புப் பகுதி தனியாகவே முழு அளவையும் தாங்குமாறு வடிவமையுங்கள். ஆரிஃபிஸுக்கும் மேலே அவசர வழிவாய் ஒன்று இருக்கட்டும். பொது வடிகாலின் அடிமட்டத்தை நேரில் அளந்து, நீர் தானாகவே வடியும் உயரத்தில் தொட்டியை வையுங்கள். ஆழத்தில் வைத்துவிட்டால் பம்பையும் மாற்றுப் பம்பையும் கட்டடம் இருக்கும்வரை பராமரிக்க வேண்டும்.

ஒரு திட்டத்தில் ஒப்படைப்புக்கு முந்தைய வாரம் தொட்டியைத் திறந்து பார்த்தோம். கட்டுமானக் காலத்துச் சேற்றுநீர் முழுவதும் உள்ளே போய், கொள்ளளவில் கணிசமான பகுதியை வண்டல் பிடித்திருந்தது, துளையும் அடைபட்டிருந்தது. மனையிலிருந்து வடிகாலுக்குப் போகும் நீரில் மிதக்கும் வண்டல் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது தனி விதி. அதற்கான வண்டல் சுத்திகரிப்பைத் தனியாக ஏற்பாடு செய்துவிட்டு, தொட்டியின் நுழைவாயைப் பணி முடியும்வரை அடைத்தே வையுங்கள்.

அடித்தளத்துக்கு நல்ல சரிவு கொடுத்து ஒரு குழியை நோக்கி வாட்டம் வையுங்கள். நீர் சிறிது தேங்கினாலும் கொசு முட்டையிடும். இங்கே டெங்கி விஷயத்தில் தேசியச் சுற்றுப்புற வாரியம் விட்டுக்கொடுப்பதில்லை. ஆள் இறங்கிச் சுத்தம் செய்ய இரண்டு திறப்புகளும், ஆரிஃபிஸுக்கு முன்னால் குப்பை தடுக்கும் கம்பிவலையும் முதல் வரைபடத்திலேயே இடம்பெறட்டும். பிறகு சேர்க்கப் போனால் மேலே வாகன நிறுத்தக் கோடுகள் போட்டிருப்பார்கள், திறப்புக்கு இடம் கிடைக்காது.