விவசாயத்தில் புது முறையில் யார் முதலில் இறங்குகிறார்கள்? உங்கள் ஊர் அனுபவம்

குறுவைக்காரன்:
திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊருக்கு நெல்லில் ஒற்றை நாற்று நடவு, அதாவது குத்துக்கு ஒரே நாற்றை வைக்கிற முறை, வந்த சமயத்தை எழுதுகிறேன். அதிகாரிகள் சொன்ன கணக்கு எல்லாருக்கும் புரிந்தது. ஏக்கருக்கு 25, 30 கிலோ விதை விடுகிற இடத்தில் 2, 3 கிலோ போதும், 14 நாள் நாற்று, 22.5 சென்டிமீட்டருக்கு ஒரு குத்து, கோனோ வீடர் என்கிற களைக்கருவியை உருட்டிக் களையைச் சேற்றிலேயே அமுக்கிவிடலாம். அறியாமையால்தான் விவசாயி மறுக்கிறான் என்று பேசுகிறவர்கள், நட்ட மறுவாரம் அந்த வயலைப் பார்த்திருக்க வேண்டும். பயிர் இருக்கிறதா என்றே தெரியாது, வரப்பில் போகிறவன் வருகிறவனெல்லாம் "என்ன மாமா, தரிசா போட்டுட்டீங்களா" என்பான். நாலைந்து நாற்றாக வைத்தால் ரெண்டு போனாலும் மிச்சம் நிற்கும், ஒன்றே ஒன்றை வைத்து அதை நண்டு வெட்டிவிட்டால் அந்த இடம் பொக்கைதான். சம்பா பருவத்தில் இன்னும் மோசம், ஐப்பசி அடைமழையில் வடியாத வயலில் அந்தப் பொடி நாற்று மூழ்கி அழுகிவிடும்.

முதலில் செய்தவர் போர் (ஆழ்துளைக் கிணறு) வைத்திருந்த சொந்த நிலக்காரர், அவரும் ஒரு மா நிலத்தில், அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கில் மட்டும்தான். குத்தகைக்காரர்கள் தொடவில்லை. விளைந்தாலும் விளையாவிட்டாலும் குத்தகை நெல்லை அளந்தாக வேண்டியவனுக்கு, கூடுதலாக வரலாம் என்பதைவிடச் சுமாராக வந்துவிடும் என்பதுதான் பெரிசு. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

நொய்யல்கரை:
எங்கள் பெரியப்பா கதை வேறு. சொட்டுநீருக்குச் சிறு குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75, ஆனாலும் மாட்டேன் என்று அடம். "உப்புத் தண்ணி, அடைச்சுக்கும், எலி கடிச்சுப் போடும், வாய்க்கால்ல தண்ணி ஓடறதக் கண்ணுல பாத்தாத்தான்டா நம்பிக்கை." அதே மனிதர், ஆயிரம் அடி ஓட்டிய போரில் தண்ணீர் வராமல் வெறும் புகை வந்ததும், கடனை வாங்கிக்கொண்டு அடுத்த பாயின்ட் பார்க்கத் தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் சொல்கிறவரைக் கூட்டி வந்தார்! போர் பொய்ப்பது ஊரில் எல்லாருக்கும் நடக்கிறது, யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சொட்டுநீர் போட்டுத் தென்னை வாடினால் "பெரிய புத்திசாலின்னு போட்டான் பாரு" என்று ஆகிவிடும், அந்தப் பேச்சுக்குத்தான் பயம் என்று எனக்குத் தோன்றும். கடைசியில் சொட்டுநீர் போட்ட பக்கத்துத் தோட்டத்தில் கோடையிலும் மட்டை தொங்காமல் நின்றதைப் பார்த்துத்தான் போட்டார். எலி கடிக்கத்தான் செய்கிறது, அதில் அவர் சொன்னது சரி.

குறுவைக்காரன்:
ஊர்ப் பேச்சு இங்கேயும் உண்டு. ஆனால் நடவு மிஷினை யாரும் இவ்வளவு யோசிக்கவில்லை. மேட்டூர் தண்ணீர் வந்தாச்சு, நடவாள் கிடைக்கவில்லை, நாற்று முற்றுகிறது என்றால் பழைய முறைதான் பயமாகத் தெரியும். மிஷினுக்கு ஏற்றபடி நாற்றைப் பாய் மாதிரி வளர்க்கிற பாய் நாற்றங்கால் விடுவதுதான் கொஞ்சம் சிரமம், அதையும் எங்கள் பக்கம் மிஷின்காரரே வளர்த்து நட்டுக் கொடுத்து ஏக்கருக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்கிறார். நாற்று கெட்டால் அவர் பாடு.